"புரியலை டீச்சர்" என்று நம் பிள்ளை சொல்லட்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



குழுவில் சேர்ந்த புதிதில் என் பெயரைக் கேட்டால்கூட பக்கத்தில் இருக்கிற அக்காதான் சொல்லுவாங்க. பாங்குக்குப் போனால் தூண் ஓரமா நிற்பேன். இன்றைக்கு மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, எங்க குழுக் கடன் ஏன் தாமதம் என்று கேட்கிறேன். இது தானா வரலை. வாராவாரம் கூட்டத்தில் பேசிப் பேசி வந்த பழக்கம்.

ஆனால் இந்தப் பழக்கத்தை என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கலை. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது மார்க் குறைந்துகொண்டே வந்தது. திட்டினேன், ஒரு நாள் அடிக்கவும் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, அவளுக்குப் போர்டில் எழுதுவது தெரியவே இல்லை. வருஷம் முழுக்கப் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். "ஏண்டி சொல்லலை?" என்று கேட்டேன். "டீச்சர்கிட்ட வாயாடாதேன்னு நீதானேம்மா சொன்னே" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

நம்ம ராமேஸ்வரத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அப்துல் கலாம் ஐயா ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டு விளக்கினார். முடித்ததும், புரிந்ததா என்று கேட்டார். தனக்குப் புரியவில்லை என்று சொன்னார் கலாம். மற்ற பிள்ளைகளைக் கேட்டபோது அவர்களில் பலரும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப்போய், பறவைகளை நேரில் காட்டி விளக்கினார். தன் வாழ்க்கையின் பாதையை அந்தப் பாடம்தான் காட்டியது என்று கலாம் ஐயா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். விமானப் பொறியியல் படித்து, ராக்கெட் விட்டு, 2002-ல் ஜனாதிபதி ஆனார்.

ஒரு பிள்ளை "புரியலை" என்று சொன்னதால் வகுப்புக்கே பாடம் கிடைத்தது. சொன்ன பிள்ளையைத் திட்டாமல் கேட்ட பெரியவரும் அங்கே இருந்தார். வீட்டில் அந்தப் பெரியவர் நாம்தான்.

சரி, எப்படிப் பழக்குவது? மூன்று விஷயம் சொல்லச் சொல்லிக் கொடுங்க. என்ன கஷ்டம், எதனால், என்ன வேணும். "டீச்சர், எனக்குப் போர்டு தெரியலை. கண்ணு மங்கலா இருக்கு. முன்னால உட்காரட்டுமா?" இவ்வளவுதான். இதில் எதிர்த்துப் பேசுவது எங்கே இருக்கு? நீங்க டீச்சரா உட்கார்ந்து, பிள்ளையைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க. கடைக்கு அனுப்பி, மீதிச் சில்லறையை அவளே கேட்டு வாங்கட்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டால் நாம முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். பிள்ளை சொல்லட்டும், விட்டுப்போனதை நாம சொல்லலாம்.

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத நாளில் வீட்டுப்பாடம் எழுத முடியாது. அதையும் டீச்சரிடம் சொல்லப் பழக்குங்க. தூரத்துக்கு உடனே ஆகுற பொண்ணு, நாப்கின் வேணும் என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. காது மந்தம், பார்வைக் குறை, எழுதச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. டாக்டர் சான்றிதழோடு தலைமை ஆசிரியர் மூலமா முன்கூட்டியே விண்ணப்பிக்க வேணும். வாயைத் திறந்து கேட்காத பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

ஒரு தடவை கேட்டு நடக்கவில்லை என்றால் அடுத்து நாம போகணும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். அது நமக்கான இடம். கல்வி உதவிக்கு 14417-க்குப் போன் செய்யலாம்.

இன்னொன்று முக்கியம். யாராவது தப்பாகத் தொட்டாலோ மிரட்டினாலோ, பிள்ளையே சமாளிக்கட்டும் என்று விடக்கூடாது. அவள் சொன்னதை நம்பி, நாம உடனே இறங்கணும். அதற்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கு. சின்ன விஷயத்தைச் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டிருந்தால்தான் பெரிய விஷயத்தையும் நம்மிடம் வந்து சொல்லும்.

என் மகள் கண்ணாடி போட்டாள். முன் பெஞ்சுக்கு மாற்றச் சொல்லி அவளே கேட்டாள். நான் வகுப்பு வாசலில் நின்றேன், அவ்வளவுதான்.

ஒவ்வொரு குழுவும் இந்த வாரம் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்க. பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன், "இன்னிக்கு எது புரியலை? டீச்சரைக் கேட்டியா?" என்று கேட்போம். அடுத்த கூட்டத்தில் பிள்ளைங்க என்ன சொன்னாங்க என்று வந்து சொல்லுங்க.