தோற்பாவையும் மாணவரும்



தோலில் உருவம் செதுக்கி, விளக்கொளியில் ஆட்டிக் கதை சொல்லும் கலை தமிழுக்குப் புதியதன்று. கயிற்றால் இயங்கும் மரப்பாவையை வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக்கினார். மாணிக்கவாசகரோ ஆனந்தமாலையில் தம் நிலைக்குத் தோற்பாவைக் கூத்தையே ஒப்பாகக் கூறினார். கேட்போர் அறியாத பொருளை எப்புலவரும் உவமையாக்குவதில்லை. ஆகவே அவர் காலத்துத் தமிழர் தோற்பாவையைக் கண்டு பழகியிருந்தனர் என்று கொள்ளலாம்.

ஆயினும் நாஞ்சில் நாட்டில் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள், வீட்டில் மராட்டி பேசும் கணிகர் சமூகத்து மண்டிகர் பிரிவினர். 1676இல் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி தோன்றியது. அவ்வாட்சியை ஒட்டியே இவர்தம் முன்னோர் தமிழகம் வந்தனர் என்பர். அடுப்பங்கரையில் மராட்டியும் திரைக்குப் பின்னால் தமிழுமாக அவர்கள் வாழ்ந்தனர். பாலக்காட்டுப் பகுதியிலோ காட்சி வேறு. அங்கே பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், மலையாளம் பேசும் மக்களுக்குக் கம்பனின் தமிழ்ப்பாடல்களைப் பாடியே புலவர்கள் பாவையாட்டுகின்றனர். 1956 நவம்பர் 1 வரை மலையாள ஆட்சிமொழியின்கீழ் இருந்த நாஞ்சில் நாட்டாருக்கு இத்தகைய மொழிக்கலப்பு வியப்பளிக்காது.

பாவை செய்யும் முறையைச் சற்றே காண்போம். செருப்புக்கும் பைக்கும் பதனிடுவதுபோல் தோலைப் பதனிட்டுவிட்டால் அது ஒளியை மறைத்துவிடும். எனவே ஆட்டுத்தோலை வெந்நீரில் நனைத்து, மயிரும் கொழுப்பும் போகச் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பர். காய்ந்த தோல் கண்ணாடித்தாள் போல் ஒளியை ஊடுருவ விடும். அதன்மேல் உருவம் எழுதி, சிற்றுளியால் நகைக்கும் ஆடைக்கும் துளையிட்டு, சாயம் ஏற்றி, நடுவே மூங்கிற் சிம்பு பிணைப்பர். துளை வழியே வரும் ஒளிதான் இராமனின் மணிமுடியாகத் திரையில் மின்னுகிறது. எண்ணெய் விளக்கு போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. பின்னர் மின்விளக்கு வந்தது. விளக்கு மாறினும் தோலின் இவ்வியல்பு மாறவில்லை.

இத்தொழில் மாணவர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை. ஆந்திரத்தில் தர்மாவரத்தை அடுத்த நிம்மலகுண்டா என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. ‘நிஃப்ட்’ எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் கைவினைஞர் வாழும் ஊர்களுக்குச் சென்று, தங்கி, தொழிலைப் பதிவு செய்து, புதிய வடிவங்களை உருவாக்குவது அவர்தம் பாடத்தின் ஒரு பகுதி. அவ்வாறு மாணவர் நாடிச் சென்ற ஊர்களுள் நிம்மலகுண்டாவும் ஒன்று. அங்கே இன்று பாவைத்தோல் விளக்குக்கூடாகவும் சுவர்த்தொங்கலாகவும் நகரத்து வீடுகளை அடைகிறது. அவ்வூர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவ் 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

விளக்குக்கூட்டை இகழ்வது எளிது. இலக்கிய வட்டங்களில் அது வழக்கமும்கூட. கூத்துக்கு ஊரார் அழைக்காத ஆண்டுகளில் அடுப்பெரிய வைத்தது அந்த விளக்குக்கூடே என்பதை மறத்தல் அறமாகாது. ஆனால் சீதையும் அனுமனும் விளக்கைச் சுற்றி அசையாமல் நிற்கும்போது, அவர்கள் பேசிய பேச்சு எங்கே போயிற்று என்னும் வினாவும் எழுகிறது.

நாஞ்சில் நாட்டில் அவ்வினா இன்னும் கூர்மையானது. இங்குக் கூத்தின் உயிர் பேச்சிலேதான் இருக்கிறது. திரைக்குப் பின்னால் ஒருவரே பாவைகள் அனைத்தையும் ஆட்டுவார். இராவணனின் முழக்கமும் சீதையின் அழுகையும் அவர் தொண்டையிலிருந்தே பிறக்கும். ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் அருகிருப்போர் பெரும்பாலும் குடும்பத்தாரே. இராமாயணம் பல இரவுகள் நடக்கும்; நல்லதங்காள் கதையும் உண்டு. இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றுவர். வால்மீகியும் கம்பனும் அறியாத இவ்விருவருக்காகவே கூட்டம் விழித்திருக்கும். அவர்கள் பேசுவது அந்தந்த ஊரின் தமிழ். உள்ளூர்ப் பெரியவரின் கஞ்சத்தனம், அன்றைய விலைவாசி, அவையில் சொல்லத் தயங்கும் சில செய்திகள் என எதற்கும் அவர்களுக்கு உரிமையுண்டு. அச்சில் ஏறாத இவ்வுரையாடல் ஆட்டுபவரின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. மகன் வேறு தொழிலுக்குச் சென்றால், பாவைகள் பெட்டியில் எஞ்சும், உளுவத்தலையன் ஊமையாவான்.

இந்த இழப்பைத் தடுக்க முற்பட்ட இருவரைக் குறிப்பிட வேண்டும். நாடகக் கலைஞர் மு. இராமசாமி தம் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தோற்பாவை நிழற்கூத்தையே எடுத்துக்கொண்டார். பல்கலைக்கழகங்கள் ஏட்டிலக்கியத்தையே பெரிதெனப் போற்றிய சூழலில், ஓர் ஆய்வு மாணவர் கூத்துக் கொட்டகையைத் தம் நூலகமாகக் கொண்டது சிறிய செயலன்று. ஆரல்வாய்மொழி அறிஞர் அண்ணா கல்லூரியில் தமிழ் கற்பித்த அ.கா. பெருமாள் குமரி மாவட்டக் கலைஞர்களோடு நெடுங்காலம் பழகி, அவர்தம் வரலாற்றையும் கதைகளையும் நூலாக்கினார்.

இன்று பள்ளி மாணவருக்குப் பாவை செய்யக் கற்பிக்கும் பயிற்சிகள் ஆங்காங்கே நடைபெறுகின்றன. அட்டையை வெட்டி, குச்சி ஒட்டி, பிற்பகலுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மானுடன் வீடு திரும்புகிறது. நெகிழி ஒழிப்பு, உடல்நலம் முதலிய பொருள்களில் கலைஞர்களும் அரைமணி நேரக் கூத்து நிகழ்த்துகின்றனர். அவை வேண்டியனவே. ஆனால் அரைமணி நேரத்தில் அறிவுரைக்கு இடமிருக்கும் அளவுக்கு உளுவத்தலையனின் குறும்புக்கு இடமிருப்பதில்லை.

தமிழ் மாணவரின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. ஒரே கலைஞர் ஒரே காட்சியை மூன்று ஊர்களில் ஆட்டும்போது மூன்றையும் பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதுதல் வேண்டும். மூன்றும் ஒத்திரா. ஊர்ப்பெயர் மாறும், வசவு மாறும், கூட்டம் சிரிக்காவிடில் அந்த இடமே விடுபட்டுப் போகும். எது சரியான பாடம் என்று மாணவர் தடுமாறுவர். மூன்றையும் வேறுவேறு பாடங்களாகவே, கூட்டம் சிரித்த இடங்களையும் குறித்து, அச்சிட வேண்டும்.