மாமியார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை யார்?



ஒருவன் சிறைக்குப் போனால் நம் ஜனங்கள் 'கம்பி எண்ணுகிறான்' என்பார்கள். 'களி தின்கிறான்' என்பார்கள். கேலியாக 'மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான்' என்றும் சொல்வார்கள். கேட்பவருக்கு, உள்ளே எல்லோரும் சமம், எல்லோருக்கும் ஒரே களி என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த மாமியார் வீட்டிலும் மூத்த மாப்பிள்ளை, இளைய மாப்பிள்ளை உண்டு. 'அவர் ஏ கிளாஸ்', 'இவன் சி கிளாஸ்' என்ற பேச்சைக் கவனியுங்கள். ஓர் எழுத்து மாறினால் 'அவர்' என்பது 'இவன்' ஆகிவிடுகிறது!

இந்த எழுத்துக்கள் எப்படி வந்தன? வெள்ளைக்காரக் கைதிக்குக் கிடைக்கும் உணவும் வசதியும் இந்திய அரசியல் கைதிக்கு ஏன் இல்லை என்று கேட்டு, 1929-ல் லாகூர்ச் சிறையில் பகத்சிங்கும் தோழர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து, செப்டம்பர் 13-ந் தேதி உயிர் நீத்தார். வயது 24. மறு ஆண்டு சர்க்கார் ஏ, பி, சி என்று மூன்று வகுப்புக்களை ஏற்படுத்தியது. மேல் வகுப்பு யாருக்கு? அந்தஸ்தாலும் படிப்பாலும் வாழ்க்கைப் பழக்கத்தாலும் உயர்ந்த வசதிக்குப் பழகியவர்களுக்கு! வெளியே கட்டாந்தரையில் படுத்த கூலிக்காரனுக்கு உள்ளேயும் அதுவே போதுமாம். ஒரே வழக்கில் தண்டனை பெற்ற இருவரைக்கூட இந்த அளவுகோல் பிரித்து வைக்கும். தாஸ் உயிரைக் கொடுத்துக் கேட்டது இதையா?

அந்தமான் செல்லுலார் சிறையில் இன்னொரு தந்திரம். கைதிகளிலேயே சிலரைப் பொறுக்கியெடுத்து மற்றவர்களை மேய்க்க விட்டார்கள். வார்டர், பெட்டி ஆபீசர், டிண்டால், ஜமேதார் என்று பதவிகள்! இந்த 'டிண்டால்' வேறு யாருமல்ல, நம் தோணிக்காரர்கள் சொல்லும் 'தண்டல்'தான். படகை நடத்துபவனின் பெயர், உடன் செக்கிழுத்தவனை மிரட்டி வேலை வாங்குபவனுக்குப் போயிற்று. சம்பளச் செலவும் மிச்சம்.

இவற்றையெல்லாம் விடக் கொடிய சொல் கைதிகள் வாயில் பிறக்கவில்லை. சிறை விதிப் புத்தகத்திலேயே அச்சாகிக் கிடந்தது. இழிவான வேலையை, அதற்குப் 'பழகிய' சமூகத்தாருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச விதி சொன்னது. பழக்கம்! அங்கே மெத்தைக்கு, இங்கே மலக்கூடைக்கு. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3-ந் தேதிதான் சுப்ரீம் கோர்ட் இத்தகைய விதிகளை ரத்துச் செய்தது. கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்த நம் பாளையங்கோட்டைச் சிறையின் கதையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதி என்ற பத்தியையே நீக்கும்படி கோர்ட் உத்தரவிட்டது.