சர்வகலாசாலையும் பட்டாளமும்

(மாணவர் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



யுத்த காலத்தில் மாணவர் வாழ்க்கை என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். நாம் ராணுவம் அறிந்தவர்களல்ல. ஆனாலும், கல்விக்கூடம் எப்படிப் படிப்படியாகப் பட்டாளத்தின் முற்றமாக ஆக்கப்பட்டது என்பதை ஜப்பான் தேசத்தின் சரித்திரத்தைக் கொண்டு எடுத்துச் சொல்லலாமென்று கருதுகிறோம்.

1943-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி. டோக்கியோவில் மெய்ஜி கோவிலைச் சேர்ந்த மைதானம். கொட்டுகிற மழையில் சுமார் 25,000 மாணவர்கள், கல்லூரி உடுப்போடு காலில் பட்டி சுற்றி, தோளில் துப்பாக்கியோடு அணிவகுத்துப் போனார்கள். சுற்றிலும் பெண் மாணவிகள் உள்பட ஆயிரக்கணக்கானவர்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். பிரதம மந்திரி டோஜோ பேசினார். மாணவர் தரப்பில் ஒருவர், உயிரோடு திரும்பும் எண்ணம் தங்களுக்கில்லை என்ற கருத்துப்பட உறுதி கூறினார். பெற்றவர்களுக்கு இதைக் கேட்க எப்படியிருந்திருக்கும்?

அதுவரை, படிப்பு முடிகிறவரையில் பட்டாளத்திற்குப் போவதைத் தள்ளிப் போட மாணவர்களுக்கு உரிமை இருந்தது. அந்த மாதத்தில் அது எடுபட்டது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. விஞ்ஞானம், எஞ்சினீயரிங், வைத்தியம் படித்தவர்களும், உபாத்தியாயர் பயிற்சி பெற்றவர்களும் நிறுத்திக் கொள்ளப்பட்டார்கள். சட்டமும், இலக்கியமும், தத்துவமும், பொருளாதாரமும் படித்தவர்கள் போனார்கள். பீரங்கி செய்யத் தெரிந்தவன் வேண்டும், பீரங்கி எதற்கு என்று கேட்கக் கற்றவன் வேண்டாம் என்று சர்க்கார் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் முடிகிறது.

இது ஒரே நாளில் வந்ததா? இல்லை. 1925-லேயே பள்ளிக்கூடங்களுக்கு ராணுவ அதிகாரிகள் பயிற்சி கொடுக்க வந்துவிட்டார்கள். அந்த வருஷமே ஒட்டாரு என்ற ஊரின் வர்த்தகக் கல்லூரியில், பூகம்பம் வந்து கொரியர்கள் கலகம் செய்வதாக வைத்துக்கொண்டு அவர்களை அடக்கப் பயிற்சி நடந்தது. 1923-ம் வருஷப் பூகம்பத்தின்போது பொய் வதந்தியை நம்பிக் கொரியர்கள் கொலை செய்யப்பட்டதற்கு இரண்டு வருஷங்களே ஆகியிருந்த சமயம் அது! அங்கே மாணவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆனாலும் பயிற்சி நின்றுவிடவில்லை. பின்னால், 1943-ன் கடைசியில், கொரிய, தைவான் மாணவர்களும் 'தாமாக வந்தவர்கள்' என்ற பெயரால் சேர்க்கப்பட்டார்கள்.

வாயை அடைத்த விதத்தையும் பாருங்கள். 1933-ல் கியோட்டோ சர்வகலாசாலையின் சட்டப் பேராசிரியர் டகிகவா விலக்கப்பட்டார். 1935-ல், சக்கரவர்த்தி ராஜாங்கத்தின் ஓர் உறுப்பே என்று எழுதிய மினோபே என்ற சட்ட அறிஞரின் புஸ்தகங்கள் தடுக்கப்பட்டன. ஏன்? சக்கரவர்த்தி தெய்வ வம்சம், தெய்வத்தை உறுப்பென்பதா என்று! பள்ளிக்கூடங்களில் அவர் படத்திற்கும், 1890-ல் அவர் பாட்டனார் விடுத்த கல்வி ஆக்ஞைக்கும் தலை வணங்கிப் பழகிய பிள்ளை, இருபது வயதில் ஏன் என்று எப்படிக் கேட்பான்?

சிலர் சொல்லலாம்: "தேசத்திற்கு ஆபத்து வந்தால் வாலிபர்கள் போகத்தானே வேண்டும்?" என்று. தேசத்தைக் காப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்நாட்டில் வோட்டுரிமை 25 வயதான ஆணுக்குத்தான்; பட்டாளமோ இருபதில். அந்தத் தாய்மார்களுக்கோ வோட்டே இல்லை. யுத்தம் வேண்டுமா என்று கேட்கப்படாதவன் யுத்தத்திற்குச் சாக வேண்டும் என்பது எந்த நியாயம்?

கேள்வி அடியோடு செத்துவிடவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. கெய்யோ சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்த உவெஹரா ரியோஜி என்ற வாலிபர், விமானத்தோடு மோதிச் சாகும் படையில் சேர்க்கப்பட்டு, 1945 மே 11-ந் தேதி ஒக்கினாவாப் பக்கம் மாண்டார். வயது 22. சுதந்திரமே கடைசியில் ஜெயிக்கும், எதேச்சாதிகாரம் தோற்கும் என்பதே, புறப்படுமுன் அவர் எழுதி வைத்ததன் சாரம். உண்மை தெரிந்தும் விமானத்திலேறினார். தெரிந்ததைச் சொல்ல அவருக்கு வேறு இடமிருக்கவில்லை!

1946 ஜனவரி 1-ந் தேதி, தம்மைக் கடவுளென்பது பொய்க் கற்பனை என்று சக்கரவர்த்தியே அறிக்கை விட்டார். மினோபே சொன்னது தப்பில்லை என்றாயிற்று. ஆனால் மாண்ட பிள்ளைகள் எழுந்து வரவில்லை.

ஆகவே தோழர்களே! துப்பாக்கி பிடிக்கும் கையைப் பற்றிப் பின்னால் யோசிக்கலாம். முதலில், பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால் உபாத்தியாயர் பதில் சொல்கிறாரா, பிரம்பெடுக்கிறாரா என்று போய்ப் பாருங்கள். தேசத்தின் கதி அங்கேதான் தீர்மானமாகிறது.