காங்கயத்து மேய்ச்சல் நிலமும் நீரும்



பூவத்தைப் போன்ற காவிரிக் கழிமுகத்து ஊரில் பிறந்த நமக்கு, நீர் என்றால் ஆறும் வாய்க்காலுமே நினைவுக்கு வரும். மண்ணைச் சிறிது தோண்டினாலும் நீர் ஊறும். அது உப்புக் கரிக்கிறதா என்பதே நம் கவலை. நமக்கு மேற்கே கொங்கு நாட்டுக் காங்கயத்தில் 'கவலை' என்ற சொல்லுக்கே வேறு பொருளுண்டு. மாடுகளைப் பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் பழைய முறைக்கு அங்கே அதுதான் பெயர்!

சென்னிமலை, சிவன்மலை போன்ற குன்றுகள் ஆங்காங்கே நிற்கும் மேட்டு நிலம் அது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலை, நீலகிரி ஆகியவற்றின் மேற்குச் சரிவிலேயே தன் மழையைக் கொட்டிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கு வந்து சேர்வது பெரும்பாலும் வறண்ட காற்றே. ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். காரைக்காலில் பெய்வது அதைப்போல் இருமடங்கு. வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓடினும் இடைப்பட்ட மேட்டில் அவை ஏறுவதில்லை. கீழ்பவானி, பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால்கள் பின்னாளில் சில பகுதிகளைத் தொட்டன. ஏனையோர்க்குப் பாறையைப் பிளந்து வெட்டிய கிணறே கதி.

இந்நிலத்தில் உழவர் கண்ட வழியே 'கொறங்காடு'. நிலத்தைச் சுற்றிக் கிளுவைப் போத்துகளை நட்டு உயிர்வேலி அமைப்பர். உள்ளே கொழுக்கட்டைப் புல் வளரும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். ஐப்பசி மழையில் புல் தழைக்கும். அது காய்ந்த கோடையில் வெள்வேலங்காய்கள் உதிர்ந்து தீவனமாகும். ஒரு காட்டை மேய்ந்தபின் மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றிப் புல்லுக்கு ஓய்வு தருவர். இறைவைநீர் ஒரு துளியும் வேண்டாத பண்ணை! பிறக்கும்போது செந்நிறமாயிருந்து பின்னர் நிறம் மாறும் புகழ்பெற்ற காங்கயம் மாடு இப்புல்லில் வளர்ந்ததே.

ஆயினும் புல்லுக்கு மழை போதும். மாட்டுக்குக் குடிநீர் வேண்டுமே! நொய்யலின் குறுக்கே, பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் முடிவுற்றது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கவே, சுற்றுப்புறக் கிணறுகள் உப்பேறின. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டுடனேயே பின்னர் அவை இயங்கலாயின. எனினும், மழை பொய்த்து வற்றிய கிணறு அடுத்த ஐப்பசியில் நிரம்பக்கூடும். பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிட்ட உப்போ ஓர் ஐப்பசியில் வெளியேறுவதில்லை.