ஊழியமும் பொறுமையும்



போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையேறிப் போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை வழியாகத் தெற்கே சென்றால் உடும்பஞ்சோலை வரும். ஏலமலை என்று பெயர் பெற்ற நாடு அது. முன்னாளில் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்து, 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தோடு சேர்ந்தது. 1972-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தபோது அதன் ஒரு பகுதியாயிற்று. கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து ஏலக்காய் எடுக்க வரும் தமிழ் மக்கள் பலர். தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. மலை விளிம்பில் நின்று தாய்நாட்டைக் கண்ணால் கண்டுகொண்டே வேற்று மாநிலத்தில் வாழ்பவர்கள் அவர்கள். டெல்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நமக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றை முன்னிட்டு அங்கே நான்கு நாள் தங்க நேர்ந்தது. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தகரக் கூரை வேய்ந்த சிறு கோவில். இருபத்தைந்து பேர் இருப்பார்கள். ஆராதனை நடத்திய உபதேசியார் அறுபதைக் கடந்தவர். முப்பத்தோர் ஆண்டுகளாக அந்த ஒரே சபையில் ஊழியம் செய்கிறார் என்று சொன்னார்கள். ஆராதனை முடிந்தபின் அவரோடு தோட்டத்து வழியே நடந்தோம். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவனின் வழக்கம் எங்கே போகும்? “முப்பத்தோர் ஆண்டில் சபை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, ஐயா?” என்று கேட்டோம்.

“நான் வந்தபோது பதினெட்டுக் குடும்பம்; இப்போது பதினாறு” என்றார் அவர்.

கேட்டிருக்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோமோ என்று நாம் கூசினோம். அவர் கூசவில்லை. வழியோரத்து ஏலச்செடி ஒன்றின் அருகே நின்று, “தம்பி, நீங்கள் ஏலக்காய் பார்த்ததில்லையே, குனியுங்கள்” என்றார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த தட்டைகளுக்கு நடுவே நாம் மேலே தேடிக்கொண்டிருந்தோம். காய் மேலே இல்லை. தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரங்களில் இருந்தது. விதை போட்டு, நாற்றாக்கி, பாத்தி மாற்றி, தோட்டத்துக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகிறதாம். நட்ட பிறகு மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்குமாம். காய்த்தாலும் ஒருங்கே முதிர்வதில்லை. மாதத்துக்கு அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறையாக, ஒரு பருவத்தில் ஐந்தாறு தடவை, பெண்கள் குனிந்து குனிந்து பதம் பார்த்து எடுக்கிறார்கள். பிஞ்சில் எடுத்தால் உலர்த்தும்போது சுருங்கிப் போகும். பழுக்கவிட்டால் வெடித்துப் போகும். அவர் உவமை ஏதும் சொல்லவில்லை. ஏலச்செடியை அறியாத ஒருவனுக்கு அதைக் காட்டினார், அவ்வளவே. உவமையாக எடுத்துக்கொண்டது நம் குற்றம்.

பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார். சபையில் ஒருவன் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பான். பதினோர் ஆண்டு அவன் வீட்டுக்குப் போய்வந்தாராம். “இப்போது அவன் குடிப்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன் தம்பி. அடிப்பதில்லை.” முப்பத்தோர் ஆண்டு ஊழியத்தின் கனியாக அவர் எடுத்துரைத்தது இது ஒன்றுதான். மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்காது. எந்த ஆண்டறிக்கையிலும் இதை எழுதுவதற்குப் பத்தி ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

“அந்தப் பதினோர் ஆண்டும் அந்த அம்மாள் என்ன செய்தார்?” என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின், மூன்று முறை அப்பெண்ணையும் குழந்தைகளையும் தம் வீட்டில் வைத்திருந்ததையும், ஒருமுறை காவல் நிலையத்துக்கே அழைத்துச் சென்றதையும் சொன்னார். “அவனிடம் நான் பொறுமையாக இருக்கலாம். அவளைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு உரிமை ஏது?” என்றார். இந்தச் சொல்லுக்குப் பின்னர் மறுபடியும் வருவோம்.

அவர் சொன்னதைக் கேட்டபோது நமக்கு வேறொரு நினைவு வந்து உறுத்தியது. நாம் பணிபுரியும் வடநாட்டு நகரில், தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்காக ஞாயிறு மாலை வகுப்பு ஒன்று நடந்துவந்தது. தமிழ் எழுத்தும், வேதக் கதைகளும், சில பாட்டும் கற்றுக்கொடுப்பார்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். ஐந்தாண்டு முடிவில் குழுவில் கணக்குப் பார்த்தார்கள். முப்பது பிள்ளைகளோடு தொடங்கியது ஏழாகக் குறைந்திருந்தது. வந்தவர்களும் பண்டிகைக்குக் கொடுக்கும் மிட்டாய்க்கே வருகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். பலனில்லாத வேலைக்கு அறை வாடகை எதற்கு என்று கேள்வி எழுந்தது. நிறுத்தலாம் என்ற தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களுள் நாமும் ஒருவர். அந்தத் தீர்மானத்தை அழகிய தமிழில் எழுதிக் கொடுத்ததும் நாமே.

நிற்க. உடும்பஞ்சோலைக்குத் தென்மேற்கே, பீருமேட்டு மலையடிவாரத்தில் முண்டக்கயம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை ஊழியம் செய்வோர் அறிந்திருத்தல் நலம். சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த இளைய ஹென்றி பேக்கர், கோட்டயத்துக்கு அருகே பள்ளம் என்னுமிடத்தில் ஊழியம் செய்துவந்தார். இவருடைய தாய் தஞ்சைக் கோல்ஹாப் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே தமிழ்நாட்டோடு இவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1848-இல் மலை அரையர் என்னும் மலைவாழ் மக்களின் பெரியவர்கள் இவரைத் தேடி வந்து, தங்களுக்குப் போதிக்க வேண்டுமென்று கேட்டார்கள். பேக்கருக்கோ பள்ளத்திலேயே வேலை மிகுதி. மலையோ காடும் காய்ச்சலும் நிறைந்தது. உடனே போய்விடவில்லை. அவர்கள் மீண்டும் வந்தார்கள், மீண்டும் வந்தார்கள். ஐந்து முறை வந்து அழைத்தும் கற்பிக்க மாட்டீரா, நாங்கள் விலங்குகளைப்போல் செத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பீரா என்னும் கருத்துப்பட அவர்கள் கடிந்துகொண்ட பிறகே அவர் மலையேறினார். பின்னர் முண்டக்கயத்தில் நிலையம் அமைந்தது. 1862-இல் பேக்கர் மலை அரையரைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1878-இல் இறக்கும்வரை அம்மக்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பேக்கரின் உழைப்பைப் புகழ்வார்கள். புகழத்தக்கதே. நமக்கோ அந்த ‘ஐந்து முறை’ என்பதில்தான் கண் நிற்கிறது. மக்கள் மெதுவாக வளர்கிறார்கள், மந்தமாக இருக்கிறார்கள், எத்தனை சொன்னாலும் ஏறுவதில்லை என்று ஊழியக்காரர் குறைப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். இங்கே மந்தமாக இருந்தவர் யார்? காட்டிலிருந்து ஐந்து முறை நடந்து வந்தவர்களா? பொறுமை காட்டியவர்கள் கற்க வந்தவர்கள். பொறுத்துக்கொள்ளப்பட்டவர் கற்பிக்க வேண்டியவர். மிட்டாய்க்காக ஏழு பிள்ளைகள் ஐந்தாண்டு வந்தார்களே, அதையும் இப்படித் திருப்பிப் பார்த்திருக்கலாம். அன்று நமக்குத் தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, இன்னொரு சான்றும் உடனே நினைவுக்கு வருகிறது. (காலையில் வரும் சுற்றறிக்கை மாலைக்குள் தமிழாக வேண்டும் என்று கேட்கும் அலுவலகங்களுக்கு இது பொருந்தாது.) சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1711-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். அது 1714, 1715 ஆண்டுகளில் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரையில் வந்தபோது, 1719-இல், முப்பத்தாறாம் வயதில் காலமானார். எஞ்சியதைச் சூல்ட்சே 1728-க்குள் முடித்தார். முடிந்ததா? இல்லை. 1740-இல் வந்த பப்ரீஷியுஸ் அதை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. பழைய ஏற்பாடு 1777 முதல் பகுதி பகுதியாக அச்சாகி 1796-இல்தான் நிறைவுற்றது. அவரோ 1791-லேயே மறைந்துவிட்டார். அதன் பின் இரேனியுஸ் திருத்தினார்; 1871-இல் பவர் தலைமையில் வேறொரு பதிப்பு வந்தது; 1995-இல் ‘திருவிவிலியம்’ வந்தது. ஒரு நூல் ஒரு மொழிக்குள் வந்து அமர்வதற்கே இத்தனை கைகளும் இத்தனை காலமும் தேவைப்பட்டன. இந்த வரிசையில் வந்தவர்களுள் முன்னவர் செய்ததைப் பயனற்றது என்று வீசியவர் இல்லை. தாம் செய்ததே முடிவு என்று இருக்க இயன்றவரும் இல்லை. நூலுக்கே இப்படியென்றால், அந்த நூல் ஒரு மனிதனின் கோபத்துக்குள்ளும் குடிக்குள்ளும் பழக்கத்துக்குள்ளும் பெயர்க்கப்படுவதற்கு எத்தனை காலம் வேண்டும்?

ஆனால் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. பொறுமை என்ற பெயரில் அச்சமும் சோம்பலும் நடமாடுவதுண்டு. அதே தரங்கம்பாடியில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சைப் படையில் பணியாற்றியவர். தமிழில் அச்சான வேதத்தைப் படித்து அந்தச் சபைக்கு வந்தவர். தஞ்சைச் சீமையில் அஞ்சாமல் உழைத்தவர். 1733-இல் ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவாக ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டபோது, அவர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதால், அவர் கையிலிருந்து மேல்வகுப்பார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனெரிகள் தயங்கினார்கள். 1741-இல் தியோகு என்பவருக்கு அப்பதவி சென்றது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே உழைத்து மறைந்தார். ‘மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை, மெல்ல மெல்லத்தான் மாறுவார்கள்’ என்று அன்று எண்ணியிருப்பார்கள். மெல்ல மாறினார்களா? ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1833-இல், கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டித்துச் சுற்றுமடல் எழுத வேண்டியிருந்தது. தஞ்சையிலும் பிற இடங்களிலும் அதை எதிர்த்துப் பலர் வெளியேறினார்கள். நூறாண்டு பொறுத்திருந்தும் காய் முதிரவில்லை. ஏனெனில் அந்தச் செடிக்கு யாரும் களை எடுக்கவில்லை.

உடும்பஞ்சோலை உபதேசியார் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். அடிப்பவனிடம் பொறுமை வேறு. அடிபடுகிறவளைப் பொறுத்திரு என்பது வேறு. ராஜநாயக்கன் காலத்தவர்கள் யாரிடம் பொறுமை காட்டினார்கள், யாரைப் பொறுக்கச் சொன்னார்கள்? இந்தக் கேள்வியைக் கேளாமல் பொறுமையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. லூக்கா சுவிசேஷத்தில் காய்க்காத அத்திமரத்தைப் பற்றி ஒரு கதை வருகிறது. மூன்று ஆண்டாகக் கனி காணாத உடையவன், வெட்டிவிடு என்கிறான். தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு கேட்கிறான். ஆனால் சும்மா கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்லிக் கேட்கிறான். அந்த ஓராண்டு மரத்துக்குக் கிடைத்த தவணை மட்டுமன்று. தோட்டக்காரன் தன் முதுகு வளைய ஒப்புக்கொண்ட ஓராண்டு அது. உபதேசியார் பதினோர் ஆண்டு ஒரு வீட்டுக்கு நடந்ததும், நடுவில் காவல் நிலையத்துக்குப் போனதும் அந்த வகையைச் சேர்ந்தவை.

நாமோ கொத்தவும் இல்லை, எருப் போடவும் இல்லை. ஐந்தாண்டில் ஒரு மாலைகூட அந்த வகுப்புக்குப் போய்ப் பார்த்ததில்லை. கணக்கை மட்டும் பார்த்தோம்.

ஊர் திரும்பியதும் அந்த ஆசிரியை அம்மையாரைத் தேடிச் சென்றோம். தீர்மானத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அறை போனபின் தம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே வகுப்பைத் தொடர்வதாக மட்டும் சொன்னார். “எத்தனை பேர் வருகிறார்கள்?” என்ற பழைய கேள்வி நம் வாயில் வந்துவிட்டது. “ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், ஐயா” என்றார்.

போனோம். மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் ‘ழ’ எழுதக் கற்றுக்கொண்டிருந்தான். கொம்பு எந்தப் பக்கம் வளையும் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. அம்மையார் அழித்துவிட்டு மறுபடியும் எழுதச் சொன்னார். மூன்றாவது பிள்ளையின் பலகையை நம் கையில் கொடுத்து, “இவளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.