செத்த வைரஸின் வலு

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் அடங்கவில்லை. அது ஆட்டு மூளையில் வளர்த்த ரேபிஸ் வைரஸை ஃபீனாலால் கொன்று தயாரித்த மருந்து. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறை. மருந்தோடு கலந்துவந்த மூளைத் திசுவே சிலருக்குக் கைகால் செயலிழக்கக் காரணமானது. அதைக் கைவிட்டு, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற வீரோ செல்களில் வைரஸை வளர்க்கத் தொடங்கினோம். குன்னூர் பாஸ்டர் நிலையமும் இந்த வழிக்கு வந்தது. ஆனால் மாறியது வளர்க்கும் இடம்தான். பல தடுப்பூசிகளுக்கு இன்றும் விதையாக இருப்பது, 1882-இல் பாஸ்டர் குழுவினர் வெறிகொண்ட மாட்டிலிருந்து எடுத்த வைரஸின் வழித்தோன்றல். அந்த விதையையே இனி மாற்றலாம், மாற்றவும் வேண்டும் என்பது என் வாதம்.

ரேபிஸ் வைரஸுக்கு மரபணுக்கள் ஐந்தே. அவற்றில் ‘ஜி’ என்ற மரபணு தரும் புரதம், வைரஸின் மேற்பரப்பில் முட்களாக நிற்கிறது. வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளை நம் உடல் இந்தப் புரதத்துக்கு எதிராகத்தான் உருவாக்குகிறது. கொன்ற வைரஸ் உடலுக்குள் பெருகாது. ஊசிக்குள் எவ்வளவு ஜி புரதம் இருக்கிறதோ அதுதான் அதன் வலு. 1994-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் டிஎன்ஏ நகலிலிருந்தே உயிருள்ள ரேபிஸ் வைரஸை உருவாக்கிக் காட்டியபின், மரபணுக்களை வேண்டியபடி திருத்தும் வழி பிறந்தது. ஜி மரபணுவை இரட்டிப்பாக்கிய வைரஸ்கள் அந்தப் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்தன. அவற்றைக் கொன்று ஊசியாக்கியபோது ஆய்வக விலங்குகளில் எதிர்ப்பொருளும் கூடியது. அதே கொள்கலனில் கூடுதல் டோஸ் கிடைக்கும் என்றால், செலவு குறைய அது ஒரு வழி.

மரபணு மாற்றிய வைரஸா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1960-இல் பிரேசிலின் ஃபோர்டலேசாவில் நடந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே போடப்பட்ட தடுப்பூசியில் வைரஸ் முழுதாகச் சாகவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 18 பேர் ரேபிஸாலேயே இறந்தார்கள். ஜி புரதத்தின் 333-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை மாற்றிவிட்டால் வைரஸின் வீரியம் வெகுவாகக் குறைகிறது. அந்த மாற்றத்துக்கான மரபணு எழுத்துகளை ஒன்றுக்கு மேல் திருத்திவிட்டால், ஒரே பிறழ்வில் அது பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது. இப்படிப்பட்ட விதை வைரஸ், கொல்லும் வேலையில் எங்காவது பிசகினாலும் பழையதைவிட ஆபத்துக் குறைந்தது. ஆலையில் அதைக் கையாளும் ஊழியருக்கும்தான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இப்போதைய ஊசியே நேரத்தில் போட்டால் காப்பாற்றுகிறது, பிறகு எதற்குப் புதியது என்பது. உண்மைதான். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். மருந்து இல்லாமல் அல்ல, மருந்து எட்டாமல். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதையும், ஆழமான காயத்துக்குத் தேவைப்படும் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினையும் எந்தப் புது விதையும் ஈடுகட்டாது. ஆனால் மனிதருக்குத் தொற்றும் ரேபிஸில் 99 சதவீதம் நாயிலிருந்து வருகிறது. நோய்ச் சங்கிலி அறுபட, நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட வேண்டும். தெருநாயை இன்று பிடித்து ஊசி போட்டால், அடுத்த மாதம் அதே நாய் கையில் சிக்குமா? ஒரே ஊசியில் நெடுநாள் நிற்கும் காப்பு அங்கேதான் தேவை. புது விதை அதைத் தரக்கூடும். ஆனால் கூடுதல் மரபணுவைச் சுமக்கும் வைரஸ் பல தலைமுறைக்குப் பிறகும் அதைக் கைவிடாமல் இருக்கிறதா, செல்களில் போதிய அளவு விளைகிறதா என்பதை ஒவ்வொரு விதையிலும் சோதித்துத்தான் ஆக வேண்டும். எலியில் நன்றாக வந்தது என்பதோடு நிறுத்தாமல், நாயில், அதுவும் வயிற்றில் பூச்சியும் உடம்பில் சொறியுமாகத் திரியும் தெருநாயில், காப்பு நிற்கிறதா என்றும் ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும்.