மகேச சந்திரரின் ஆட்டம்



திண்ணையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துச் சதுரங்கம் பயின்றவர்கள் நம்மில் உண்டு. அந்த ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அரசனுக்குக் கோட்டை கட்டும் உரிமை கிடையாது. ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம், அவ்வளவுதான். பிழைப்பைத் தேடி வேற்றூர் வந்து, அங்குள்ள மன்றத்தில் காய்களை அடுக்கும்போதுதான், எதிரே இருப்பவர் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதைக் கண்டு திகைக்கிறோம். இந்தத் திகைப்பை நமக்கு முன்பே, ஏறத்தாழ ஐம்பதாம் வயதில், அனுபவித்த ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகிறேன்.

அவர் மகேச சந்திர பானர்ஜி. வங்கத்து அந்தணர். ஆங்கிலேயர் அவர் பெயரைத் தம் நாவுக்கேற்றவாறு பலவிதமாகத் திரித்து எழுதினர். எந்த ஊர்ப் பெயர்தான் அவர்களிடம் தப்பியது! 1850 இல் லண்டன் சதுரங்க இதழ் ஒன்றில் வெளியான கடிதம் அவரைப் பற்றிக் கூறுகிறது. கல்கத்தாச் சதுரங்க மன்றத்து உறுப்பினர் ஒருவர் அலுவலின் பொருட்டு உள்நாட்டுக்குச் சென்றிருந்தபோது, எவரிடமும் தோற்றறியாத அந்தணர் ஒருவர் இருப்பதாகக் கேள்வியுற்றார். அவரைத் தேடிக் கண்டு, நகருக்கு அழைத்து வந்து, ஜான் காக்ரேன் என்பவர் எதிரில் அமர்த்தினார்.

காக்ரேன் கல்கத்தாவில் வழக்கறிஞர். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்களுடன் மோதியவர். அவருக்கும் வயது ஐம்பதுதான். தொடக்கத்தில் மகேசர் சில ஆட்டங்களை இழந்ததற்கு அந்தக் கடிதம் கூறும் காரணம் சிப்பாயின் முதல் நகர்வு! வாழ்நாள் முழுதும் ஒரு கட்டம் நகர்ந்த காய் திடீரென இரண்டு கட்டம் பாய்ந்தால், கணக்குப் பிழைக்காமல் என்ன செய்யும்? ஆயினும் அவர் எழுந்து போய்விடவில்லை. ஆண்டுக்கணக்கில் இருவரும் ஆடினர். நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் குறிப்பேறின. குதிரையை வலிய இழந்து அரசனை வெளியே இழுக்கும் ‘காக்ரேன் காம்பிட்’ என்னும் முறையும் 1848 இல் மகேசருக்கு எதிராக ஆடப்பெற்றதே.

மகேசர் புதிய விதிகளைக் கற்றார். பழைய பழக்கத்தை முற்றிலும் கைவிட்டாரில்லை. ஐரோப்பியர் நடுக்கட்டங்களில் சிப்பாய்களை விரைந்து நிறுத்துவர். இவரோ அரசன் பக்கத்துக் குதிரையின் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, அங்கே மந்திரியை ஒதுக்கி வைத்து, தொலைவிலிருந்தே நடுக்களத்தைத் தாக்குவார். இன்று உலகெங்கும் ‘இந்தியத் தற்காப்பு’ எனப்படும் வகைகளுக்கு அப்பெயர் வந்தது இவருடைய ஆட்டங்களால்தான் என்பர்.

1855 இல் காக்ரேனுக்கு எதிராக அவர் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஓர் ஆட்டம் உண்டு. அதன் முதல் மூன்று நகர்வுகளை 1922 இல் ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குருன்பெல்டு பெரும் போட்டிகளில் ஆடிக் காட்டினார்; அம்முறைக்கு அவர் பெயரே நிலைத்தது. கறுப்புப் பக்கத்து உரிமையில் மகேசருக்குப் பங்கில்லையா என்று எனக்கு அவ்வப்போது ஆற்றாமை எழுவதுண்டு. அறுபத்தேழு ஆண்டுகள் முந்தியவர் அல்லவா!

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அந்த 1855 ஆட்டத்தில் மகேசர் தோற்றார். பதினெட்டாவது நகர்வில் அவர் தம் குதிரையை ஓரத்துக்கு நகர்த்தி, காக்ரேனின் அரசியைத் தாக்கினார். காக்ரேன் அரசியைக் காக்கவில்லை. குதிரையால் இரட்டை முற்றுகை கொடுத்து, அரசியைக் கறுப்பரசனின் அருகிலேயே பலியிட்டார். தன் காய்களாலேயே சூழப்பெற்று, மூலையில் அசைய இடமின்றி நின்ற அரசனை ஒற்றைக் குதிரை முடித்தது.

தோல்வியான அந்த ஆட்டத்தைத்தான் சதுரங்க நூல்கள் இன்றும் அச்சிடுகின்றன. அடுத்த விடுமுறை நாளில் மன்ற நண்பர் ஒருவருடன் அதைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். கறுப்புப் பக்கத்தில் நீங்கள் அமருங்கள்.